இடப்பக்கத்துக் கோடுகள்

யத்விகா சவ்சின் காலில் சக்கரத்தைக் கட்டிக்கொண்டு பிறந்தவள் என்று அவள் அம்மா ரொசாலியா சொல்வாள். அதில் பாதி பெருமை, பாதி எரிச்சல். ஓட்ரா ஆற்றின் கிளைகளும் தீவுகளும் பாலங்களுமாகக் கிடக்கும் எங்கள் வ்ரோட்ஸ்வாஃப் நகரத்தை வெளியூர்க்காரர்களுக்கு நடந்து காட்டுவதுதான் யத்விகாவின் பிழைப்பு. பதிமூன்று வருஷமாக வழிகாட்டி. விருந்தாளிகளைப் பார்த்துப் பேசிக்கொண்டே பின்னோக்கி நடப்பாள். சந்தைச் சதுக்கத்திலிருந்து கதீட்ரல் வாசல் வரை ஒருமுறைகூடத் திரும்பிப் பார்க்காமல் போய்விடுவாள். எந்தக் கல் பெயர்ந்திருக்கிறது, எந்த நடைபாதை விளிம்பு உயரம் என்பதெல்லாம் அவள் குதிகாலுக்கே தெரியும்.

இந்த ஊர் ஆயிரம் வருஷமாகப் போலந்துக்காரர்களுடையது என்று சொல்லச் சொல்லி அலுவலகத்தில் ஒரு தாள் கொடுத்திருந்தார்கள். யத்விகா அதை ஒப்பித்துவிடுவாள். 1945 வரை இங்கே ப்ரெஸ்லாவ் என்று ஒரு ஜெர்மன் ஊர் இருந்ததும், அந்த ஜனங்களை ரயிலேற்றி அனுப்பிவிட்டு அவர்கள் வீடுகளில் எங்களைக் கொண்டுவந்து இறக்கியதும் அந்தத் தாளில் இல்லை. எல்லோருக்கும் தெரிந்ததை எதற்கு அச்சடிப்பானேன்? நாலு நாள் மழை அடித்துச் சுண்ணாம்பு உரிந்தால் போதும், பழைய ஜெர்மன் கடைப் பெயர்கள் சுவரில் தாமாகவே எழுந்து வரும்.

அவள் வந்திறங்கியபோது வயது எட்டு. போர் முடிந்து எல்லையை மாற்றியதில் சொந்த ஊரான ல்வூஃப் எல்லைக்கு அந்தப் பக்கம், சோவியத் நாட்டுக்குப் போய்விட்டது. காய்ச்சலில் இறந்த அப்பாவை அங்கே மண்ணில் விட்டுவிட்டு, அம்மாவும் மகளும் சரக்கு ரயிலில் மூன்று வாரம் வந்தார்கள். ஆற்றுக்கு வடகரையில் குண்டுக்குத் தப்பிய ஒரு கட்டடம். மூன்றாம் மாடியில் வீடு. கதவில் பெயர்ப்பலகையைக் கழற்றிய நான்கு துளைகள் இருந்தன. உள்ளே கட்டில் இருந்தது, தட்டு இருந்தது, சமையலறை அலமாரியில் வெள்ளைப் பீங்கான் ஜாடிகள் வரிசையாக இருந்தன. ஒவ்வொரு ஜாடியிலும் நீல எழுத்தில் ஒரு ஜெர்மன் சொல். ரொசாலியாவுக்கு அர்த்தம் தெரியாது. சர்க்கரை என்று எழுதிய ஜாடியில் உப்பைக் கொட்டி வைத்தாள். பின்னால் மகள் ஜெர்மன் படித்துவிட்டு வந்து சொன்னபோதும் மாற்றவில்லை.

"ஜாடிக்கு என்னடி தெரியும்? என் கைக்குத் தெரிஞ்சா போதாதா?" என்றாள்.

ஆனால் சுவரில் ஒரு ஆணி அடிக்க விடமாட்டாள். "வீட்டுக்காரங்க திரும்பி வந்தா என்னடி பதில் சொல்றது?" என்பாள். ஊரில் பாதிப் பேர் அப்படித்தான் இருந்தார்கள். இருபது வருஷம் கூரை ஒழுகியும் ஓடு மாற்றாத ஆட்களை எனக்கே தெரியும்.

அந்த வீட்டில் யத்விகாவுக்கு முதலில் கிடைத்த தோழி ஒரு கதவு நிலை. சமையலறை வாசலின் இடப்பக்க நிலைக்காலில் பென்சிலால் கோடு கோடாகப் போட்டு, ஒவ்வொன்றின் பக்கத்திலும் 'லோரெ' என்ற பெயரும் தேதியும் எழுதியிருந்தது. ஒரு பிள்ளையின் உயரக் கணக்கு. தேதி எல்லாம் ஜனவரி ஆறு, மூன்று ராஜாக்கள் திருநாள். கடைசித் தேதி 1945. அதற்கு அடுத்த வருஷம் அதே திருநாளில் ரொசாலியா தன் மகளை வலப்பக்க நிலைக்காலில் சாய்த்து நிறுத்தி ஒரு கோடு போட்டாள். லோரெ ஒரு வருஷம் முந்தியே இவளைவிட ஒரு விரற்கடை உயரமாக இருந்திருக்கிறாள். பட்டினி கிடந்த பிள்ளை எப்படி வளரும்?

1947 ஜனவரி ஏழாம் தேதி காலையில் பால் குடிக்க வந்த யத்விகா வாசலிலேயே நின்றுவிட்டாள். முந்தின நாள் அம்மா அவளுக்குப் போட்ட கோடு வலப்பக்கம் இருந்தது. இடப்பக்கத்தில், லோரெயின் கடைசிக் கோட்டுக்கு மேலே, புதிதாக ஒரு கோடு. பெயர் இல்லை, தேதி இல்லை. இவள் கோட்டைவிடச் சரியாக ஒரு விரற்கடை மேலே.

லோரெ வளர்ந்துகொண்டிருந்தாள்.

அம்மாவிடம் அவள் சொல்லவில்லை. சொன்னால் அம்மா பயந்து வீட்டை விட்டுவிடுவாள், மறுபடியும் சரக்கு ரயில்தான் என்று நினைத்தாள். மறு வருஷமும் கோடு வந்தது, அதற்கு மறு வருஷமும். எப்போதும் ஒரு விரற்கடை. அன்றிலிருந்து அவள் அந்த வாசலின் இடப்பக்கத்தில் உரசாமல், வலப்பக்கமாக ஒதுங்கியே போய் வந்தாள். முப்பத்தாறு வயதிலும் அந்த ஒதுக்கம் போகவில்லை. அரண்டவன் கண்ணுக்கு இருண்டதெல்லாம் பேய் என்று தனக்குத் தானே சொல்லிப் பார்ப்பாள். ஆனால் இது இருட்டில் பார்த்ததில்லையே. பட்டப்பகலில், பென்சிலில் இருந்தது.

பதினெட்டு வயதில் ஒரு குறும்பு செய்தாள். குறும்பு பாதி, தைரியம் பாதி. 1955 திருநாள் அன்று, அம்மா மாதாகோயிலுக்குப் போயிருந்த நேரத்தில், தானே பென்சிலை எடுத்து, தன் உயரத்துக்கு ஒரு விரற்கடை மேலே, இடப்பக்கத்தில் ஒரு கோடு போட்டாள். "இந்த வருஷம் உனக்கு நானே போட்டுட்டேன். என்ன செய்வியோ செய்" என்று வாய்விட்டும் சொன்னாள்.

அதற்குப் பிறகு இடப்பக்கத்தில் கோடே வரவில்லை.

கோடு வந்தபோது இருந்த பயத்தைவிட வராதபோது வந்த பயம் பெரிது. தான்தான் அவளை நிறுத்திவிட்டோமோ என்று யத்விகாவுக்கு உறுத்தல். ரயில்வேயில் வேலை பார்த்த ஒருவன் நல்லவன், கல்யாணம் செய்துகொள்கிறேன் என்றான், தன் குடியிருப்புக்கு வரச் சொன்னான். இந்த வீட்டை விட்டுப் போனால் லோரெ தனியாகக் கிடப்பாளே என்று தோன்றியது. அதை எந்த மனிதனிடம் சொல்ல முடியும்? காரணம் சொல்லாமல் வேண்டாம் என்றாள். அவனும் போய்விட்டான்.

அவள் வழிகாட்டி வேலைக்கு வந்ததும் இதனால்தான். அது என் ஊகம் இல்லை, அவளே சொன்னது. லோரெ எங்கேயோ ஜெர்மனியில் உயிரோடு இருக்க வேண்டும், பிறந்த ஊரைப் பார்க்க ஒரு நாள் வர வேண்டும், அவளைக் கண்ணால் கண்டுவிட்டால் தன் கழுத்தைப் பிடித்திருக்கும் பிடி விட்டுவிடும். பேருந்திலிருந்து ஜெர்மன்காரர்கள் இறங்கும்போதெல்லாம் தன் வயதில், தன்னைவிட ஒரு விரற்கடை உயரமாக யாராவது இருக்கிறார்களா என்று பார்ப்பாள். பதிமூன்று வருஷம் பார்த்தாள்.

1973 நவம்பர் முதல் தேதி, சகல புனிதர் திருநாள். இறந்தவர்களுக்கு விளக்கேற்ற அன்றைக்கு எங்கள் ஊரே கல்லறைத் தோட்டங்களுக்குக் கிளம்பிவிடும். தங்கள் வீட்டு ஆட்களின் கல்லறையை நாட்டின் எல்லைக்கு அந்தப் பக்கம் விட்டுவிட்டு வந்தவர்கள் தோட்டத்தின் நடுவில் இருக்கும் பெரிய சிலுவையடியில் விளக்கு ஏற்றிவிட்டு வருவார்கள். ரொசாலியா மட்டும் அங்கே போக மாட்டாள். வீட்டுக்குப் பின்முற்றத்தில் தான் நட்ட லைலக் செடியின் அடியில் ஒரு விளக்கை வைப்பாள். "உங்கப்பாவுக்கு எங்க வச்சாலும் தெரியும். கூட்டத்துல இடிபடணுமா?" என்பாள். யத்விகா சின்ன வயதிலிருந்து அந்தச் செடியின் முன்னால் நின்றுதான் அப்பாவுக்காக ஜெபித்தாள்.

அன்று அலுவலகத்துக்கு விடுமுறை. ஆனாலும் மேலாளர் ஆள் அனுப்பியிருந்தார். ஒரு ஜெர்மன் அம்மாள் தனியாக வந்திருக்கிறாள், இன்றைக்குத்தான் நடக்க வேண்டும் என்று ஒற்றைக்காலில் நிற்கிறாள். யத்விகா முனகிக்கொண்டே போனாள். ஓட்டல் வாசலில் சாம்பல் நிற மேல்கோட்டும் தட்டைச் செருப்புமாக அறுபத்தைந்து வயது மதிக்கத்தக்க ஒரு பெண் நின்றாள். பெயர் ஹாங்கெ. கையில் துணிப்பை.

"எங்கேர்ந்து ஆரம்பிக்கலாம், ஃப்ராவ் ஹாங்கெ? மாநகராட்சி மாளிகை, அப்புறம் கதீட்ரல் தீவு..."

"அதெல்லாம் வேண்டாம்மா. நான் வேலை பார்த்த தையல் கடை பக்கத்துத் தெருவுல இருந்துச்சு. அங்கேர்ந்து என் வீட்டுக்கு நடக்கணும். அவ்வளவுதான்."

"விலாசம் சொல்லுங்க, டாக்சியில கொண்டுபோய் விட்டுடறேன். இந்தக் குளிர்ல எதுக்கு நடை?"

"டாக்சியில போனா எனக்கு வழி தெரியாது. காலுக்குத்தான் தெரியும்." பையிலிருந்து மடிப்பு நைந்த வரைபடம் ஒன்றை எடுத்தாள். 1938இல் அச்சானது. "தனியா நடக்க பயமா இருக்கு. அதான் உங்களைக் கூப்பிட்டேன்."

யத்விகாவுக்கு அந்தப் பதில் பிடித்துப்போனது. ஆனால் பின்னோக்கி நடக்க அன்றைக்கு அவளுக்கு வாய்க்கவில்லை. ஹாங்கெ அம்மாள் முன்னால் போனாள், வழிகாட்டி பின்னால் போனாள்.

பழைய நகரத்தைத் தாண்டி ஆற்றோரப் பகுதிக்கு வந்தபோது நடை மாறியது. போரில் அந்தப் பகுதி ஒரு கல் மிச்சமில்லாமல் போனது. இப்போது புல்வெளி, நடுவே புது அடுக்குமாடிகள். ஹாங்கெ அம்மாள் வரைபடத்தைப் பார்க்கவில்லை. புல்லில் நேராக முப்பது அடி நடந்தாள். ஒன்றுமில்லாத இடத்தில் சட்டென்று வலப்பக்கம் திரும்பினாள். இன்னும் கொஞ்ச தூரம் போய் இடப்பக்கம் திரும்பினாள். சுற்றுவானேன் என்று யத்விகா குறுக்கே நடந்தாள்.

"அப்படி வராதீங்க" என்றாள் ஹாங்கெ அம்மாள், திரும்பாமலே. "நீங்க இப்ப ஷோல்ட்ஸோட ரொட்டிக் கடைக்குள்ள நிக்கிறீங்க. அவருக்குக் கோவம் வரும்."

யத்விகா சிரிக்க நினைத்தாள். கால் சிரிக்கவில்லை. தானாகப் பின்வாங்கிச் சுற்றிக்கொண்டு வந்தது.

அப்போதுதான் அவள் ஒன்றைப் பார்த்தாள். புல்லில் ஜனங்கள் நடந்து நடந்து தேய்ந்த ஒற்றையடிப் பாதை ஒன்று உண்டு, அடுக்குமாடியிலிருந்து டிராம் நிறுத்தத்துக்கு. அது நேராகப் போகாமல் நடுவில் ஒரு இடத்தில் வளைந்து போகும். எதற்கு வளைகிறது என்று யத்விகா எத்தனையோ தடவை யோசித்திருக்கிறாள். ஷோல்ட்ஸின் கடைமுனையில்தான் அது வளைந்தது. அந்தக் கடையை ஒருநாளும் பார்த்திராத ஜனங்கள் இருபத்தெட்டு வருஷமாக அதைச் சுற்றிக்கொண்டு போயிருக்கிறார்கள். 

மணல் தீவுக்குப் போகும் பாலத்தில் இன்னொன்றும் கண்ணில் பட்டது. ஹாங்கெ அம்மாளின் இடக்கை உடம்போடு ஒட்டவில்லை. கொஞ்சம் விலகி, கொஞ்சம் தாழ்ந்து, விரல்கள் மடங்கியிருந்தன. எதிரே சைக்கிள் வந்தபோது அந்தக் கை தன்னால் பின்னுக்கு இழுத்துக்கொண்டது. தெருவைக் கடக்கும்போது முன்னால் நீண்டு தடுத்தது. சாலையில் வண்டி எதுவும் இல்லை.

"கை வலிக்குதா?" என்று கேட்டாள் யத்விகா.

"இல்லையே. ஏன்?"

"சும்மா கேட்டேன்."

தீவின் குறுகலான படிகளில் இறங்கும்போது தானும் இடப்பக்கம் ஒரு ஆள் போக இடம் விட்டுத்தான் நடக்கிறோம் என்பது யத்விகாவுக்கே உறைத்தது.  ஆலைப் பாலத்தையும் தாண்டி வடகரைக்கு வந்தார்கள். கிறிசாந்திமம் பூத்தொட்டிகளைத் தூக்கிக்கொண்டு குடும்பம் குடும்பமாக ஜனங்கள் எதிரே வந்தார்கள். மணி நாலு, வெளிச்சம் இறங்கத் தொடங்கியிருந்தது. மருந்துக் கடை முக்கு வந்தது. அது யத்விகா தினமும் திரும்பும் முக்கு. ஹாங்கெ அம்மாள் திரும்பினாள். செருப்புத் தைப்பவர் கடை வந்தது. அதையும் தாண்டினாள்.

இன்னும் நாலு வாசல். யத்விகா மனசுக்குள் வேண்டிக்கொண்டாள். கடந்து போய்விட வேண்டும், மாதாவே, இவள் கடந்து போய்விட வேண்டும். அம்மா ஆணி அடிக்காமல் காத்த வீடு, வீட்டுக்காரி வந்துவிட்டாள். ஆனால் அந்தப் பயத்துக்கு அடியில் இன்னொன்றும் இருந்தது. இவளுக்குத் தெரியும். லோரெ எங்கே இருக்கிறாள் என்று இவளுக்குத் தெரியும். கேட்க வேண்டும், கேட்கவும் கூடாது.

ஹாங்கெ அம்மாள் அந்த வாசலில்தான் நுழைந்தாள். மாடிப்படியை ஏறிட்டும் பார்க்கவில்லை. நேராக உள்வழியே பின்முற்றத்துக்குப் போனாள். அங்கே இரும்புக் கைபம்பு ஒன்று இருந்தது. அதன்மேல் ஒரு கையை வைத்து நின்றாள். பிறகு சுவரை நோக்கி, உதடு அசைய எண்ணிக்கொண்டு, சின்னச் சின்ன அடியாக நடந்தாள். பதினைந்து. பதினாறு. பதினேழு.

பதினேழாவது அடியில் லைலக் செடி இருந்தது. செடியின் அடியில், கண்ணாடிக் கிண்ணத்துக்குள், ஒரு விளக்கு எரிந்துகொண்டிருந்தது.

ஹாங்கெ அம்மாள் ஓர் அடி பின்வாங்கினாள். துணிப்பையை நெஞ்சோடு அணைத்துக்கொண்டாள். அந்தப் பையில் இருந்ததும் ஒரு விளக்குதான்.

"இது யார் வச்சது?" என்றாள். "யாருக்கும் தெரியாதே. நான் யார்கிட்டயும் சொல்லலியே."

"எங்க அம்மா வச்சது" என்றாள் யத்விகா. "நாங்க இங்கதான் மூணாம் மாடியில குடியிருக்கோம். இது எங்க அப்பாவுக்கு."

"உங்க அப்பாவை இங்கயா வச்சிருக்கீங்க?"

"இல்ல. அவர் ல்வூஃப்ல..." யத்விகா சொல்லிக்கொண்டே வந்து நிறுத்தினாள். ஜெபித்த அத்தனை வருஷத்தில் ஒருமுறைகூட அவள் இதைக் கேட்டுக்கொண்டதில்லை. செடி எதற்கு? இந்த இடம் எதற்கு?

"இங்க என் பொண்ணு இருக்கா" என்றாள் ஹாங்கெ அம்மாள். "நாப்பத்தஞ்சு ஈஸ்டர்ல குண்டு விழுந்து போயிட்டா. ஊர் முற்றுகையில இருந்துச்சு, கல்லறைக்குக் கொண்டுபோக முடியல. நானே தோண்டினேன். பெட்டிப் பலகையில சிலுவை செஞ்சு, பேர் எழுதி வச்சேன்."

யத்விகாவுக்குப் பேரைக் கேட்கவே வேண்டியிருக்கவில்லை. ஆனாலும் கேட்டாள்.

"லோரெ" என்றாள் அந்தத் தாய்.

அப்படியானால் 1947இலிருந்து நிலைக்காலில் வளர்ந்தது யார்? முற்றத்தின் நாலு சுவரும் யத்விகாவை நெருக்கின. மேலே மூன்றாம் மாடி ஜன்னல் திறந்தது.

"யாருடி அது, கூட?" என்று ரொசாலியா கூப்பிட்டாள்.  செடியின் முன்னால் நிற்கிறவளை ரொசாலியா கொஞ்ச நேரம் பார்த்தாள். "மேல கூட்டிட்டு வா" என்று சொல்லி ஜன்னலைச் சாத்தினாள்.

ரொசாலியா தேநீர் போட்டு வைத்திருந்தாள். பயந்து நடுங்குவாள், கத்துவாள் என்று எதிர்பார்த்த மகளுக்கு அந்த அமைதி கலவரமாக இருந்தது. ஹாங்கெ அம்மாள் தன் பழைய மேஜையில் விருந்தாளியாக உட்கார்ந்தாள். நீல எழுத்தில் சர்க்கரை என்றிருந்த ஜாடியைப் பார்த்ததும் கை தன்னால் போய் ஒரு கரண்டி எடுத்தது.

"ஐயோ, வேண்டாம்னு சொல்லுடி, அது உப்பு" என்று ரொசாலியா மணிக்கட்டைப் பிடித்தாள். பிடித்த கையை விடவில்லை. "என்னோட வரச் சொல்லு. நான் ஒண்ணு காட்டணும்."

சமையலறை வாசலுக்குக் கூட்டிப் போனாள். ஹாங்கெ அம்மாள் இடப்பக்க நிலைக்காலில் விரலை வைத்தாள். தான் எழுதிய பெயர்கள் மேல் ஒவ்வொன்றாக விரல் ஏறியது. 1945இல் நிற்க வேண்டிய விரல் நிற்கவில்லை. மேலே இன்னொரு கோடு. அதற்கு மேலே இன்னொன்று. விரல் அவள் மார்பைத் தாண்டி, முகத்தைத் தாண்டி, கடைசியில் அவள் தலைக்கும் மேலே போய் நின்றது.

"இது என்ன?" என்றாள். 

"அம்மா, இது என்னன்னு கேக்கறாங்க" என்றாள் யத்விகா. "எனக்கும் சொல்லு. நான் எட்டு... ஒன்பது வயசுலேர்ந்து இதைப் பாத்துப் பயந்துக்கிட்டு இருக்கேன்."

"நீயும் பாத்தியா?" ரொசாலியா மகளை உற்றுப் பார்த்தாள். "நான் போட்டதுதான்டி. ஒவ்வொரு வருஷமும், நீ தூங்கினதுக்கப்புறம். கடைசிக் கோட்டைத் தவிர. அது நான் போட்டதில்ல. அதைப் பாத்துத்தான் அவ வந்துட்டான்னு நடுங்கிப் போயி நிறுத்திட்டேன். பதினெட்டு வருஷமா இந்த வீட்டுல நான் நிம்மதியாத் தூங்கல."

"அது நான் போட்டது" என்றாள் யத்விகா.

அம்மாவும் மகளும் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டு நின்றார்கள். ஒரே வீட்டில், ஒரே மேஜையில் சாப்பிட்டுக்கொண்டு, ஒருத்தி பயத்தை ஒருத்தி அறியாமல் இத்தனை வருஷம். சிரிக்கிற விஷயம்தான். சிரிப்பு வரவில்லை.

"இப்ப நான் சொல்றதை அப்படியே சொல்லு" என்றாள் ரொசாலியா. "கூட்டாதே, குறைக்காதே. நாங்க வந்த முதல் குளிர்காலம். கரி கிடையாது. நாற்காலியை உடைச்சு எரிச்சாச்சு, அலமாரிக் கதவையும் எரிச்சாச்சு. பிள்ளைக்குக் காய்ச்சல், தூக்கித் தூக்கிப் போடுது. சாயங்காலம் முற்றத்துல இறங்கி, கையில அகப்பட்ட பலகையைப் பிடுங்கிட்டு வந்தேன். என்னன்னு பாக்கல. பாக்கலைன்னு சொல்றதும் பொய். சிலுவைன்னு கைக்குத் தெரிஞ்சுது. அடுப்புல வச்சப்புறம்தான் எழுத்து தெரிஞ்சுது. நிலைக்கால்ல இருக்கற அதே பேரு. எடுக்கப் போனேன், அதுக்குள்ள பத்திக்கிச்சு."

யத்விகா சொல்லிக்கொண்டே வந்தாள். பதிமூன்று வருஷமாக எத்தனையோ பேர் பேச்சை மொழி மாற்றியிருக்கிறாள். தன்னைப் பற்றிய பேச்சை மாற்றியதில்லை. 'பிள்ளைக்குக் காய்ச்சல்' என்று வந்த இடத்தில் நிறுத்தினாள், பிறகு அம்மா சொன்னபடியே தொடர்ந்தாள்.

"அடையாளம் போயிடக் கூடாதுன்னு செடி வச்சேன். விளக்கு வச்சேன். ஆனா மனசு ஆறல. இந்த வீட்டுல ஒரு பிள்ளை வளருது, இன்னொண்ணு அப்படியே நிக்குது. நின்ன பிள்ளை என் பிள்ளை மேல கண்ணு வைக்காதான்னு பயம். அதான் அவளையும் வளர விட்டேன். அவ ஒரு விரற்கடை ஒசரமா இருந்தா. அதை நான் குறைக்கல. ஒரு வருஷம்கூடக் குறைக்கல. சொல்லு."

யத்விகா சொல்லி முடித்தாள். ஹாங்கெ அம்மாள் நிலைக்காலையே பார்த்துக்கொண்டு நின்றாள். திட்டுவாள், அழுவாள், வெளியேறிப் போவாள் என்று யத்விகா காத்திருந்தாள். அவள் அப்படி எதுவும் செய்யவில்லை. ரொசாலியாவிடம் திரும்பி, ஒரு தாய் இன்னொரு தாயிடம் கேட்கிற சாதாரணக் குரலில் ஒன்று கேட்டாள்.

"என்னடி கேக்கறாங்க?" என்றாள் ரொசாலியா.

யத்விகா அம்மாவின் பக்கம் திரும்பினாள். "காய்ச்சல் விட்டுதான்னு கேக்கறாங்கம்மா."

ரொசாலியா மகளின் இரண்டு தோள்களையும் பிடித்து, அவளை ஹாங்கெ அம்மாளுக்கு முன்னால் நிறுத்தினாள்.

யத்விகா அந்தக் கோடுகளைப் பார்த்தாள். பிறகு தானாகவே போய் இடப்பக்க நிலைக்காலில் முதுகைச் சாய்த்து, குதிகாலை ஒட்டி வைத்து நிமிர்ந்து நின்றாள். மரம் குளிர்ச்சியாக இருந்தது, அவ்வளவுதான். ஹாங்கெ அம்மாள் கிட்டே வந்தாள். வழியெல்லாம் காற்றைப் பிடித்துக்கொண்டு வந்த அந்த இடக்கையைத் தூக்கி, உள்ளங்கையை விரித்து, அவள் தலைமேல் வைத்தாள். கடைசிக் கோடு அந்த உள்ளங்கைக்கு ஒரு விரற்கடை மேலே இருந்தது.